இரண்டு கேபிள், ஒரே பாதை: சுவிட்சுகள் ஒன்றையொன்று இனங்காண்பது எப்படி?

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பகுதிகளில் சற்றுப் பெரிய கடைகள் கணினியில் பில் போடுவது இன்று வழமையாகிவிட்டது. கடையில் ஒரு சுவிட்ச், ஸ்டோரில் இன்னொரு சுவிட்ச், இடையில் ஒரு கேபிள். பெருநாள் இரவில் கடை நிரம்பி நிற்கும்போது அந்தக் கேபிளை எலி கடித்தால் வியாபாரம் நின்றுவிடும். அதனால்தான் இரண்டு கேபிள் போடச் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால், வெறுமனே செருகினால் மட்டும் போதாது.

சாதாரண சுவிட்சுகளில் அப்படிச் செருகினால், எல்லோருக்குமென அனுப்பப்படும் தகவல் ஒரு கேபிளால் போய் மற்றதால் திரும்பி, முடிவின்றிச் சுற்றும். சில விநாடிகளில் எல்லாக் கணினியும் திணறும். இரண்டையும் ஒரே பாதையாகக் கட்டும் விதிமுறைக்கு எல்.ஏ.சி.பி. என்று பெயர். ஐ.ஈ.ஈ.ஈ. நிறுவனம் 2000ஆம் ஆண்டில் இதனைத் தரநியமமாக்கியது.

இதன் அடிப்படை, எதிரே இருப்பவர் யார் என்று அறிவதுதான். நமது பொருட்களின் பார்கோட் 479 என்று தொடங்கினால் அது இலங்கையில் பதிவான இலக்கம் என்று நாம் அறிவோம். அதுபோல ஒவ்வொரு சுவிட்சுக்கும் மெக் முகவரி எனும் இலக்கம் உண்டு. பொதுவாக அதன் முற்பாதி தயாரிப்பாளரைக் குறிக்கும். பிற்பாதி அந்தக் கருவிக்கு உரியது. இந்த மெக் முகவரியின் முன்னால் 'முன்னுரிமை' என்றொரு எண்ணைச் சேர்த்தால் அதுவே சுவிட்சின் அடையாளம். நாம் மாற்றாவிட்டால் அந்த எண் பெரும்பாலும் 32768 ஆக இருக்கும்.

இரு சுவிட்சுகளும் ஒவ்வொரு கேபிளிலும் இந்த அடையாளத்தை விநாடிக்கு ஒருமுறை, அல்லது 30 விநாடிக்கு ஒருமுறை பரிமாறிக்கொள்ளும். இரண்டு கேபிளிலும் ஒரே அடையாளம் வந்தால்தான் அவை ஒன்றாகக் கட்டப்படும். ஒரு கேபிளைத் தவறுதலாக மூன்றாவது சுவிட்சில் செருகியிருந்தால் அடையாளம் வேறுபடும். அது கட்டில் சேராது. தொடர்ந்து மூன்று தடவை செய்தி வராவிட்டால் அந்தக் கேபிள் விலக்கப்பட்டு, மற்றது வேலையைத் தொடரும். எந்தக் கேபிள்களைப் பாவிப்பது என்பதில் இணக்கம் இல்லையென்றால், சிறிய எண்ணுடைய சுவிட்சின் தீர்மானமே செல்லும்.

பணம் கொடுக்குமுன் மூன்று விடயங்களைக் கேளுங்கள். இரண்டு சுவிட்சுகளும் எல்.ஏ.சி.பி.யை ஏற்பவையா? மலிவான சாதாரண சுவிட்சுகளில் இந்த வசதி இருக்காது. இரு பக்கமும் அது இயக்கப்பட்டுள்ளதா? அடையாளம் பாராமல் நிலையாகக் கட்டும் முறையும் உண்டு. அதில் இந்தச் சரிபார்ப்பு நடக்காது. மூன்றாவது, 'வேகம் இரட்டிப்பாகும்' என்றால் எவ்வாறு என்று கேளுங்கள். ஒரு கணினிக்கும் சேர்வருக்கும் இடையிலான ஒரு பரிமாற்றம் ஒரு கேபிளால்தான் போகும். இரண்டு லொறி வாங்கினால் கூடுதல் சரக்கு ஏற்றலாம். ஒரு மூட்டை விரைவாக வந்து சேராது.

வேலை முடிந்ததும் ஒரு கேபிளைக் கழற்றிப் பாருங்கள். பில் தொடர்ந்து வந்தால் மட்டுமே மீதிப் பணத்தைக் கொடுங்கள். அளந்து பார்த்து வாங்குவதுதானே நமது வியாபார வழக்கம்.