கல்குவாரிக் குழியும் கோடை முகாமும்: விடுமுறையில் பிள்ளைகளுக்குப் பொறுப்பாளர் யார்?

1824ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கால்நடைப் பண்ணையால் நெடுங்காலம் பெயர்பெற்றிருந்த மத்திகிரி, இன்று ஓசூர் மாநகராட்சியின் ஒரு பகுதியாகி, ஆலைகளின் ஷிப்டு நேரத்துக்கு ஏற்ப உறங்கி எழும் குடியிருப்பாக மாறிவிட்டது. தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் பகல்நேரக் காவல் பள்ளிக்கூடத்தினுடையது. கோடையில் அது பூட்டப்பட்டதும், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் கோடை முகாம்களுக்குச் செல்ல, வசதியற்ற வீட்டுப் பிள்ளைகள் பலர் ஓசூர், சூளகிரி வட்டாரக் கல்குவாரிகளின் பக்கம் போய்ச் சேர்கின்றனர். குவாரியும் முகாமும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை போலத் தோன்றினாலும், அந்த நேரத்தில் குழந்தையின் பாதுகாப்புக்கு எழுத்தில் பொறுப்பேற்றவர் யார் என்ற கேள்வி இரண்டுக்கும் பொதுவானது. பெரும்பாலும் அதற்கு விடை கிடைப்பதில்லை.

குத்தகைக் காலம் முடிந்து கைவிடப்பட்ட குவாரியில் மழைநீர் தேங்கி உருவாகும் குட்டை, பார்வைக்குக் குளம் போல இருந்தாலும் குளத்தின் இயல்பு அதற்குக் கிடையாது. ஏரியின் கரை சரிந்து இறங்குவதால் கால் ஊன்ற இடமிருக்கும். கிரானைட் குவாரியிலோ வயர் சா எனப்படும் கம்பி ரம்பம் கொண்டு கல்லை அறுத்தெடுத்த சுவர் வழவழப்பாக, செங்குத்தாக நீருக்குள் இறங்குவதால், முதல் அடியிலேயே ஆழம் தொடங்கிவிடும். தவறி விழுந்தவர் சுவரோரம் நீந்தி வந்தாலும் பாசி படிந்த கல்லில் பிடிமானம் கிடைக்காது. வெயிலில் மேல்நீர் வெதுவெதுப்பாகவும் கீழ்நீர் குளிர்ந்தும் இருப்பதால், குதித்தவுடன் மூச்சுத் திணறுவதும் உண்டு. கைவிடப்படும் குழியைச் சுற்றி வேலி அமைப்பது குத்தகைதாரரின் கடமை என்பதில் சுரங்க ஒழுங்குமுறைகளிலோ சுற்றுச்சூழல் அனுமதி நிபந்தனைகளிலோ குழப்பமில்லை. எனினும் நடைச்சீட்டு, அதாவது கனிமத்தை ஏற்றிச் செல்வதற்கான அரசு அனுமதிச்சீட்டு, வழங்கப்படும் வரை குவாரியில் இருக்கும் அதிகாரக் கண்காணிப்பு, கடைசி லாரி வெளியேறிய பின் மெல்ல விலகிவிடுகிறது.

இயங்கும் குவாரியின் ஆபத்து வேறு வகைப்பட்டது. திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளத்தில் 2022 மே 14 இரவு பாறை சரிந்து ஆறு தொழிலாளர்கள் சிக்கி, அவர்களில் நால்வர் உயிரிழந்தனர். பாறையை ஒரே சுவராக வெட்டாமல், ஆறு மீட்டருக்கு மேற்படாத உயரமுள்ள படிகளாகவே வெட்ட வேண்டும் என்று 1961ஆம் ஆண்டின் சுரங்க ஒழுங்குமுறைகள் வகுத்தது இத்தகைய சரிவுகளைத் தடுக்கவே. குடியிருப்புகளிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை வழங்கக் கூடாது என்பது தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின் நிபந்தனை. சல்லி உடைக்கும் கிரஷரின் நுண்தூசி நுரையீரலில் படிந்து ஏற்படும் சிலிக்கோசிஸ், பணியாளர் இழப்பீட்டுக்கான சட்ட விதிகளில் தொழில்நோயாகப் பட்டியலிடப்பட்டிருப்பதால், விபத்துக் காயத்தைப் போலவே அதற்கும் இழப்பீடு கோரலாம்.

விடுமுறையில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது குழந்தைத் தொழிலாளர் சட்டம். 2016ஆம் ஆண்டின் திருத்தம், பள்ளி நேரத்துக்குப் பின்னரும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் குழந்தை உதவலாம் என்று ஒரு விலக்கு அளித்தது. கல் உடைக்கும் இடத்திலேயே குடிசை போட்டுத் தங்கி, உடைத்த அளவுக்குக் கூலி பெறும் குடும்பங்களில், பிள்ளைகள் சம்மட்டி எடுப்பதை நியாயப்படுத்த மேஸ்திரிகளுக்கு இந்த விலக்கு வசதியாகிவிட்டது. ஆனால் ஒப்பந்ததாரருக்காகச் செய்யும் கூலிவேலை குடும்பத் தொழிலாகாது. அபாயகரமான தொழில்களுக்கு விலக்கே பொருந்தாது. சுரங்கமோ சட்டத்தின் அபாயத் தொழில்கள் பட்டியலில் முதல் வரிசையில் நிற்பது. 14 முதல் 18 வயதுக்கு உட்பட்ட வளரிளம் பருவத்தினருக்கும் அங்கே தடை உண்டு. மீறும் உரிமையாளருக்கு ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறையோ, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

குழியில் ஒரு குழந்தை இறந்துவிட்டால், காவல் நிலையத்தில் அது பெரும்பாலும் இயற்கைக்கு மாறான மரணம் என்ற அளவில் பதிவாகி முடிந்துவிடுகிறது. வேலி இல்லாமை கவனக்குறைவே என்பதால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்படி விசாரிக்குமாறு பெற்றோர் எழுத்தில் கோரலாம். சுற்றுச்சூழல் அனுமதி மீறப்பட்டிருந்தால் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை அணுகலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரை அளிக்க மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு கடமைப்பட்டது. அதற்கான உதவி எண் 15100.

கோடை முகாமின் நன்மை குறித்து நீண்ட வாதம் தேவையில்லை. நீச்சல் கற்ற பிள்ளை குழியருகே தப்பிப் பிழைக்க வாய்ப்புண்டு என்பதே இவ்வட்டாரத்துக்குப் போதுமான காரணம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஆண்டுதோறும் மாவட்டங்களில் நடத்தும் கோடைக்காலப் பயிற்சி முகாம்கள் இவ்வகையில் பயனுள்ளவை. தனியார் முகாம்களில் கட்டணமும், அடுத்த வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே புகட்டும் ஆசையும் சேர்ந்து, விடுமுறையின் பொருளையே சில வேளைகளில் இல்லாமலாக்கிவிடுகின்றன. அதைவிடப் பெரிய குறை, பள்ளி தொடங்க அங்கீகாரம் கேட்கும் அரசு, பத்து நாள் முகாமுக்கெனத் தனி உரிமச் சட்டம் எதையும் வைத்திருக்கவில்லை என்பதாகும்.

அக்குறையின் விலையை ஓசூர் அடங்கிய கிருஷ்ணகிரி மாவட்டம் அறியும். கோடையில் அல்லாமல் 2024 ஆகஸ்டில், பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. என்ற பெயரில் நடந்த முகாமில், இரவு பள்ளியிலேயே தங்கியிருந்த மாணவி பாலியல் வன்முறைக்கு ஆளானார். அம்முகாமுக்கும் தேசிய மாணவர் படைக்கும் தொடர்பே இல்லை என்பது பின்னரே வெளிவந்தது. பயிற்சியாளராக நடித்தவர் மட்டுமன்றி, நடந்ததை மறைத்ததாகப் பள்ளித் தரப்பினர் சிலரும் கைது செய்யப்பட்டனர். அரசு சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. சீருடையும் விசிலும் இருந்தால் அனுமதியும் இருக்கும் என்று பெரியவர்கள் கருதிக்கொண்டதே இங்கு நேர்ந்த முதல் பிழை. என்.சி.சி. முகாம் என்றால் அந்தந்தப் பட்டாலியனின் எழுத்தாணை இருந்தாக வேண்டும்; அதைக் காட்டுமாறு கேட்பது பெற்றோரின் உரிமையே தவிர, அவமரியாதை ஆகாது. தங்கும் முகாமில் இரவில் உடனிருக்கும் பெண் பொறுப்பாளரின் பெயரை எழுதி வாங்காமல் பிள்ளையை விட்டுவருவது சரியன்று.

போக்சோ எனப்படும் 2012ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தனக்குக் கீழுள்ளவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை பெண் அதிகாரியே, சீருடையின்றிப் பதிவு செய்ய வேண்டும். புகாருக்கு 1098 என்ற எண் எந்நேரமும் உண்டு.

குவாரி வருவாயிலிருந்தே நல்ல முகாமுக்குப் பணம் கேட்கலாம் என்பதைப் பலர் அறியார். சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தால் உருவான மாவட்டக் கனிம அறக்கட்டளை, குத்தகைதாரர்கள் உரிமத்தொகையுடன் கூடுதலாகச் செலுத்தும் பங்கைச் சேர்த்து, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களின் குடிநீர், கல்வி, மகளிர் மற்றும் குழந்தைகள் நலனுக்குச் செலவிட வேண்டிய அமைப்பு. மே 1 கிராம சபை விடுமுறை நாள்களிலேயே வருவதால், மத்திகிரியைச் சுற்றிய ஊராட்சிகளில் குழியின் சர்வே எண்ணைக் குறிப்பிட்டு வேலி கேட்டும், கனிம நிதியில் அரசுப் பள்ளி வளாகத்தில் பகல்நேர முகாம் கேட்டும் அன்றே தீர்மானம் நிறைவேற்றலாம். மாநகராட்சிக்குள் வசிப்போர் அதே கோரிக்கையை ஓசூர் சார் ஆட்சியரிடமும், புவியியல் மற்றும் சுரங்கத்துறையின் மாவட்ட அலுவலகத்திலும் மனுவாக அளித்து, ஒப்புகைச் சீட்டைப் பெற்றுக்கொள்வது நலம். பின்னர் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி நடவடிக்கை விவரம் கேட்க அந்தச் சீட்டின் எண் உதவும்.