குழு மருத்துவக் காப்பீட்டிலிருந்து தனிநபர் காப்பீட்டுக்கு மாறுதல்

நிறுவனம் தன் பணியாளர்களுக்காக எடுத்த குழு மருத்துவக் காப்பீட்டிலிருந்து வெளியேறும் ஒருவர், அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் அல்லது குடும்பப் பாலிசிக்குத் தொடர்ச்சி அறாமல் செல்வது 'இடம்பெயர்வு' எனப்படும். இந்தியாவில் 2011 அக்டோபர் 1 முதல் இந்த உரிமை நடைமுறையில் உள்ளது.

கோவை, திருப்பூர் வட்டாரத்தில் முதலில் தெளிய வேண்டியது, கையில் இருப்பது குழுக் காப்பீடா, இ.எஸ்.ஐ.யா என்பதுதான். மில், பவுண்டரி, பம்ப்செட் கம்பெனி, பனியன் கம்பெனி ஆகியவற்றில் மாதம் 21,000 ரூபாய்க்கு உட்பட்ட சம்பளக்காரர்கள் பெரும்பாலும் இ.எஸ்.ஐ.யில் வருவர். சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இவர்களுக்கானது. இ.எஸ்.ஐ. சட்டப்படியான சமூகப் பாதுகாப்பு; காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி அன்று. எனவே அதில் இருபது ஆண்டு இருந்தவருக்கும் தனியார் பாலிசியில் தொடர்ச்சிச் சலுகை கிடையாது. ஆனால், குறைந்தது ஐந்தாண்டு இ.எஸ்.ஐ.யில் இருந்து வயது நிறைவில் ஓய்வு பெறுபவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தமக்கும் துணைவருக்கும் சிகிச்சையைத் தொடரலாம். பலர் கேட்டுப் பெறாமல் விட்டுவிடும் சலுகை இது.

குழுக் காப்பீடு பெரும்பாலும் வேலையின் கடைசி நாளோடு முடிந்துவிடும். ஆகவே ராஜினாமாக் கடிதம் கொடுத்தவுடனேயே மனிதவளப் பிரிவில் பாலிசி எண்ணையும் உறுப்பினர் சான்றையும் வாங்கிக்கொண்டு விண்ணப்பிப்பது நல்லது. விண்ணப்பித்தால் கட்டாயம் கிடைக்கும் என்றும் இல்லை; நிறுவனம் உடல்நிலையை மதிப்பிட்டே முடிவெடுக்கும். சர்க்கரை, இரத்த அழுத்தம் இருந்தால் மறைக்கக் கூடாது.

மாறுவதன் பயன் காத்திருப்புக் காலத்தில் தெரியும். முன்பே உள்ள நோய்களுக்கு 2024 விதிகளின்படி அது மூன்றாண்டுக்கு மேல் போகக் கூடாது. குழுவில் இரண்டாண்டு இருந்த சர்க்கரை நோயாளி, மூன்றாண்டு நிபந்தனையுள்ள பாலிசிக்கு மாறினால் மீதி ஓராண்டு காத்திருந்தால் போதும். புதிதாக எடுத்தால் மூன்றாண்டும் காத்திருக்க வேண்டும். இந்தக் கழிவு பழைய காப்பீட்டுத் தொகை வரைதான்: 3 லட்சத்திலிருந்து 10 லட்சத்துக்கு உயர்த்தினால், கூடுதல் 7 லட்சத்துக்குக் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும்.

பிரீமியம் கூடும், பெற்றோரையும் சேர்த்தால் நன்றாகவே கூடும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பது சிறு ஆறுதல். கோரிக்கை மறுக்கப்பட்டால் முதலில் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் புகார் தர வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.