மாத்திரை கண்டுபிடித்தால் மட்டும் போதுமா?

சிறுநீரகப் புற்றுநோய் நுரையீரலுக்கோ எலும்புக்கோ பரவிவிட்டால், வழக்கமான கீமோதெரபி பெரும்பாலும் பலிப்பதில்லை. 2005 வரை கையில் இருந்தவை இன்டர்ஃபெரான் போன்ற ஊசிகள்தான். அவை கேட்டது சிலருக்கு, காய்ச்சலும் அசதியும் பலருக்கு. இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் வி.எச்.எல். என்ற மரபணு பழுதாகிவிடுகிறது. அதனால் ஆக்சிஜன் இருந்தும் இல்லாததுபோல் செல் நடந்துகொள்கிறது. புதிய ரத்தக்குழாய்களை வரவழைத்துக் கட்டியை வளர்க்கிறது. ரத்தக்குழாய் வளரத் தூண்டும் அந்தச் சமிக்ஞையைத் தடுக்கும் மாத்திரைகளே சொராஃபெனிப்பும் சுனிடினிப்பும். 750 நோயாளிகளிடம் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், இன்டர்ஃபெரான் பெற்றவர்களுக்கு நோய் முற்றாமல் நின்ற காலம் சுமார் 5 மாதம். சுனிடினிப் பெற்றவர்களுக்கு 11 மாதம்.

ஆனால் மருந்தின் பலனை ஆய்வு முடிவோடு நிறுத்திக் கணக்கிடுவது பாதிக் கணக்குதான். விலையையும் சேர்த்தால்தான் அது முழுமையாகும். பேயர் நிறுவனம் சொராஃபெனிப்பை இந்தியாவில் மாதம் சுமார் 2.80 லட்சம் ரூபாய்க்கு விற்றது. தேவைப்பட்டவர்களில் இரண்டு சதவீதத்துக்குச் சற்றே அதிகமானோருக்குத்தான் அது கிடைத்தது என்று கண்ட காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் பி.எச்.குரியன், 2012 மார்ச்சில் பேயரின் சம்மதமின்றியே அந்த மருந்தைத் தயாரித்து விற்கும் கட்டாய உரிமத்தை ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்கு வழங்கினார். விலை மாதம் 8,800 ரூபாய். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2013-இல் அதை உறுதிசெய்தது.

இப்படிச் செய்தால் நாளை யார் ஆராய்ச்சிக்குப் பணம் போடுவார்கள் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அந்த உத்தரவு காப்புரிமையைப் பறிக்கவில்லை. பேயருக்கு 6 சதவீத ராயல்டி தரச் சொன்னது. வாரியம் அதை 7 ஆக உயர்த்தியது. வாங்கவே முடியாத நோயாளிகளிடமிருந்து நிறுவனத்துக்கு வந்திருக்கக்கூடிய லாபம்தான் என்ன? இன்னொரு வாதம் கூர்மையானது: சில மாதங்களுக்காக, கை கால் தோல் உரிந்து, ரத்த அழுத்தம் ஏறித் துன்பப்பட வேண்டுமா? வேண்டாம் என்று நோயாளி சொல்லலாம். அது அவர் உரிமை. வீட்டை விற்றால்தான் மருந்து என்ற நிலையில் அவர் சொல்லும் ‘வேண்டாம்’ அந்த உரிமையில் சேராது. பலன் சில மாதங்களே என்றால், அது விலை குறைய வேண்டியதற்கான காரணமே தவிர, லட்சங்களை நியாயப்படுத்துவதல்ல.

இன்று சிகிச்சை மேலும் நகர்ந்துவிட்டது. நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இரு நோயெதிர்ப்பு ஊசிகளைச் சேர்த்துத் தரும்போது, நோய் தீவிரமாக உள்ளவர்கள் சுனிடினிப் பெற்றவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்வதை 2018-இல் வந்த ஆய்வு காட்டியது. செலவு மறுபடியும் லட்சங்களில். இவை உயிரியல் மருந்துகள் என்பதால், மாத்திரையைப்போல் சுலபமாக நகலெடுக்கவும் முடியாது. எனவே உரிமம் மட்டும் போதாது. உள்நாட்டு உற்பத்திக்கு ஊக்கமும், அரசின் மொத்தக் கொள்முதலும் சேர வேண்டும். ஆனால் 2012-க்குப் பிறகு இன்னொரு கட்டாய உரிமம்கூட இந்தியாவில் வழங்கப்படவில்லை. பொது நலனுக்காக அதற்கு வழி திறக்கும் 92-ஆவது பிரிவு காப்புரிமைச் சட்டத்தில் அப்படியே இருக்கிறது. மத்திய அரசு அதைப் பயன்படுத்தத் தயங்கக் கூடாது.