முகட்டில் பாதை, அடிவாரத்தில் தண்ணீர்

சக்கரம் போகும் வழி – 9

சென்ற வாரம் வேல்ஸில், பாறையும் மர வேரும் நிறைந்த காட்டுத் தடங்களில் சுற்றினோம். இந்த வாரம் தெற்கே போகலாம். இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிக் கிழக்கு மேற்காக ஒரு சுண்ணாம்புக் குன்றுத்தொடர் நீண்டு கிடக்கிறது. சவுத் டவுன்ஸ் என்று பெயர். அதன் முதுகின் மேலேயே, வின்செஸ்டர் நகரில் தொடங்கி ஈஸ்ட்போர்ன் கடற்கரை வரை 160 கிலோமீட்டருக்கு ஒரு பாதை போகிறது. அதுதான் சவுத் டவுன்ஸ் வே.

தொடரின் உயரமான இடமான பட்ஸர் குன்றே சுமார் 270 மீட்டர்தான். இந்த மேட்டுக்கு மவுண்டன் பைக் எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஓட்டிப் பார்த்தால் தெரியும். மீயான், ஆரன், ஏடர், ஊஸ், குக்மியர் ஆகிய ஆறுகள் இந்தக் குன்றுத்தொடரைக் குறுக்கே அறுத்துக்கொண்டு கடலுக்குப் போகின்றன. ஒவ்வோர் ஆற்றுக்கும் முகட்டிலிருந்து அடிவரை இறங்கி, பாலம் கடந்து, மறுபடியும் முகட்டுக்கு ஏற வேண்டும். பாதை முடிவதற்குள் மொத்த ஏற்றம் ஏறத்தாழ 4,000 மீட்டரை எட்டிவிடும். வலுவான கால்கள் உள்ளவர்கள் இதை ஒரே நாளில் முடிப்பதுண்டு. எனக்கு அந்த அவசரம் புரியவில்லை. ஊர்களைப் பார்க்காமல் ஓடுவதற்கு இவ்வளவு தூரம் வருவானேன்?

தரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெயில் காலத்தில் சுண்ணாம்புப் பாதை வெள்ளை வெளேரென்று இறுகிக் கிடக்கும். சக்கரம் தடையில்லாமல் உருளும். ஒரு மழை பெய்துவிட்டால் அதே பாதை சோப்பு தேய்த்த குளியலறைத் தரை. பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் பின்சக்கரம் பக்கவாட்டில் நழுவும். சுண்ணாம்புக்குள் சிக்கிமுக்கிக் கற்கள் வேறு புதைந்து கிடக்கின்றன. உடைந்த சிக்கிமுக்கியின் விளிம்பு டயரின் பக்கச் சுவரைக் கத்திபோல் கிழித்துவிடும். ஆகவே இங்கே டியூப் இல்லாத தடித்த டயர் நல்லது; ஓட்டையைத் தானே அடைக்கும் திரவத்தை உள்ளே ஊற்றியிருப்பார்கள். டயரைக் கிழிக்கிற அதே கல்லைப் பதித்துத்தான் இந்தப் பகுதியின் தேவாலயங்களையும் பழைய வீடுகளையும் தோட்டச் சுவர்களையும் கட்டியிருக்கிறார்கள்.

ஊர்கள் எங்கே இருக்கின்றன என்பதற்கும் காரணம் இந்தச் சுண்ணாம்புதான். முகட்டில் ஊரே கிடையாது. பெய்கிற மழையெல்லாம் சுண்ணாம்புக்குள் இறங்கிவிடும். மேலே நீர் தங்காது. அடியில் களிமண் அடுக்கைத் தொட்டதும் மேற்கொண்டு இறங்க வழியில்லாமல், வடக்குச் சரிவின் அடிவாரத்தில் ஊற்றாக வெளியே வருகிறது. அந்த ஊற்றுக்கண்களின் வரிசையிலேயே ஊர்களும் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. பெரி, பாய்னிங்ஸ், ஃபல்கிங், ஃபர்ல் எல்லாம் அப்படித்தான். ஃபல்கிங்கில் மதுக்கடையை ஒட்டியே ஊற்று பாய்கிறது. ஒரு காலத்தில் ரோமம் கத்தரிப்பதற்கு முன் செம்மறிகளை அங்கேதான் குளிப்பாட்டினார்கள். மேலே மேயும் ஆடுகளுக்குத் தண்ணீர் வேண்டுமே என்று, முகட்டில் குழி தோண்டி, களிமண்ணை மிதித்துப் பூசி, மழைநீரைத் தேக்கும் வட்டக் குட்டைகளை அமைத்தார்கள். அவற்றில் சில இன்னும் இருக்கின்றன.

சைக்கிள்காரர்களுக்கு இதனால் வருகிற சங்கடம், பசித்தால் இறங்க வேண்டும், இறங்கினால் ஏற வேண்டும். வடக்குச் சரிவு செங்குத்தானது. சாப்பிட்ட வயிற்றோடு அதை ஏறுவது வேதனை. பாதையோரம் அங்கங்கே குடிநீர்க் குழாய் வைத்திருக்கிறார்கள்; தண்ணீரை அதில் பிடித்துக்கொள்ளலாம். சாப்பாட்டுக்குக் கீழே போய்த்தான் ஆக வேண்டும். அந்தச் சிரமத்தைப் படுங்கள் என்பதே என் யோசனை. கூரை வேய்ந்த வீடுகள் நிறைந்த ஆம்பர்லிக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மெல்ல நடக்காமல் ஆரன் பள்ளத்தாக்கைக் கடந்து போவது பெரிய இழப்பு.

இனி இந்த வாரத்தின் முக்கியமான விஷயம். இந்தப் பாதை போகிற நிலத்தில் பெரும்பகுதி தனியாருக்குச் சொந்தம். கோதுமை வயலின் நடுவே, ஆட்டுக் கிடையின் ஓரமாக, பண்ணை வீட்டு முற்றம் வழியாக நாம் போகிறோம். யாரும் தடுக்க முடியாது. அது நிலக்காரர் தரும் சலுகை இல்லை, சட்டம் தரும் உரிமை. 1949இல் வந்த சட்டம், பொதுமக்கள் நடக்கும் வழிகளையெல்லாம் வரைபடத்தில் பதிவு செய்யும்படி கவுண்டி நிர்வாகங்களைப் பணித்தது. நடைபாதை என்றால் நடப்பவர்க்கு மட்டும். குதிரைப்பாதை என்றால் குதிரையில் வருபவர்க்கும் உண்டு. குதிரைப்பாதைகளில் சைக்கிளும் போகலாம் என்று சொன்னது 1968ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம், 30ஆவது பிரிவு. வயலின் குறுக்கே பாதை போனால், உழவுக்குப் பிறகு 14 நாளுக்குள் விவசாயி அதைச் சீராக்கித் தர வேண்டும் என்று 1990இல் இன்னொரு சட்டம் வந்தது.

1968இல் அந்தப் பிரிவை எழுதியவர்கள் மவுண்டன் பைக்கைக் கண்டதில்லை. அது 1970களில் கலிபோர்னியாவில் பிறந்தது. ஆனால் கரடுமுரடான வழிகளில் சாதாரணச் சைக்கிளை ஓட்டியும் தூக்கியும் திரிந்தவர்கள் இங்கிலாந்தில் அதற்கு முன்பே இருந்தார்கள். 1955இல் லெம்ஸ்டர் என்ற ஊரின் மதுக்கடை ஒன்றில் கூடி, ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப் என்ற சங்கத்தையே தொடங்கினார்கள். அது இன்றும் இயங்குகிறது.

உரிமைக்கு எல்லையும் உண்டு. இங்கிலாந்தின் பொது வழிகளில் பெரும்பாலானவை நடைபாதைகளே. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கில்தான் சைக்கிளுக்கு இடம். மஞ்சள் அம்பு கண்டால் நடைபாதை, நீல அம்பு கண்டால் குதிரைப்பாதை. 1972இல் திறந்த சவுத் டவுன்ஸ் வே நெடுகிலும் குதிரைப்பாதையாகவே அமைந்தது. ஆனால் ஒரு கிளையில் நமக்கு வழியில்லை. ஆல்ஃபிரிஸ்டன் கிராமத்தில் பாதை இரண்டாகப் பிரியும். செவன் சிஸ்டர்ஸ் என்ற புகழ்பெற்ற வெள்ளைப் பாறைகளின் மேலே போகும் கிளை நடப்பவர்க்கு. சைக்கிளும் குதிரையும் உள்நாட்டு வழியாக, குன்றின் சரிவில் வரைந்த நெடிய மனித உருவத்துக்கு மேலே ஏறி, ஜெவிங்டன் வழியாகப் போக வேண்டும். கடல் காட்சி கைவிட்டுப் போகிறதே என்று வருந்த வேண்டாம். இந்த வழியில் கூட்டமில்லை.

சைக்கிளுக்கு வழி தந்த அதே பிரிவு, நடப்பவர்க்கும் குதிரையில் வருபவர்க்கும் சைக்கிள்காரர் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. குதிரையைப் பின்னாலிருந்து நெருங்கும்போது மணி அடிப்பதைவிடக் குரல் கொடுப்பது மேல். சத்தமில்லாமல் வருகிற சைக்கிளைக் கண்டு குதிரை மிரளும்; மனிதக் குரல் கேட்டால் அடங்கும். வழியிலுள்ள கதவுகளைத் திறந்தால் மறக்காமல் மூடுங்கள். கதவுக்கு அந்தப் பக்கம் ஆடுகள் மேய்கின்றன.

இந்தியர்கள் அவசியம் பார்க்க வேண்டிய இடம் ஒன்றும் இந்த வழியில் இருக்கிறது. கிளேட்டன் ஊருக்கு மேலே, ஜாக், ஜில் என்ற இரண்டு காற்றாலைகளின் பக்கத்திலிருந்து தெற்கே ஒரு குதிரைப்பாதை பிரிகிறது. சில கிலோமீட்டர் போனால் புல்வெளியின் நடுவே வெள்ளைப் பளிங்குக் குவிமாடம் ஒன்று தெரியும். அதுதான் சத்ரி. முதல் உலகப் போரில், பிரான்ஸ் போர்முனையில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு, அருகிலுள்ள பிரைட்டன் நகரின் அரண்மனையையே மருத்துவமனையாக மாற்றினார்கள். அந்நகரின் மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேரை இந்தக் குன்றின் மேல் கொண்டுவந்து எரியூட்டினார்கள். அதே இடத்தில் எழுப்பிய நினைவிடம் இது. வடிவமைத்தவர் பம்பாயைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. சி. ஹென்ரிக்ஸ். 1921 பிப்ரவரி 1ஆம் தேதி வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்தார். அந்த 53 பெயர்களும் கல்லில் ஏற 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சத்ரி வரை காரில் போய் இறங்க முடியாது. நடந்தோ, குதிரையிலோ, சைக்கிளிலோதான் போக வேண்டும். பிரைட்டனுக்குச் சுற்றுலா போகும் நம்மவர்கள் அரண்மனையையும் கடற்கரையையும் பார்த்துவிட்டு ரயிலேறிவிடுகிறார்கள். ஒரு நாளை ஒதுக்கி, வாடகைக்கு ஒரு மவுண்டன் பைக் எடுத்துக்கொண்டு, அந்தக் குன்றின் மேல் ஏறிப் போய் அந்தப் பெயர்களை வாசித்துவிட்டு வாருங்கள்.