கண்ணாடித் தொட்டிகளுக்குரிய தண்டுப் பூண்டுகள்: இனமறிதலும் துண்டு நட்டு விருத்தி செய்தலும்

வீடுகளில் அலங்கார மீன் வளர்ப்போர் தொகை பெருகியிருப்பதால், கண்ணாடித் தொட்டிகளில் நடுதற்குரிய நீர்ப்பூண்டுகளுக்கும் கிராக்கி ஏற்பட்டிருக்கிறது. அலங்கார மீன் வியாபாரத்திற்குப் பெயர்பெற்ற சென்னை கொளத்தூரில் இவை கட்டுக் கட்டாக விலைபோகின்றன. இவற்றுட் பலவும் அயல்நாட்டுச் சரக்கு என்று எண்ணுவது தவறு. நீர்ப்பிரமி, ஹைக்ரோபிலா, லிம்னோபிலா, ரோட்டலா முதலியன இந்திய மண்ணுக்குரியவையே. கிணற்றுநீர் வசதியும் சிறிது நிழலும் உடைய விவசாயி, பயனற்றுக் கிடக்கும் ஈர நிலத்தில் இவற்றை எளிதிற் பயிரிடலாம். ஆனால் கையிலிருக்கும் தண்டு இன்னதென்று அறியாமல் நடுவது பெருந்தவறாகும்.

இனமறிவதற்கு முதலில் நோக்க வேண்டியது கணு. இலையின் வடிவத்தை மட்டும் நம்பலாகாது; ஏனெனில் ஒரே பூண்டு நீருக்கு மேலே ஒருவித இலையும் நீருக்குள்ளே வேறுவித இலையும் விடும். ரோட்டலாவின் ஓரினம் காற்றில் வட்ட இலையுடனும் நீரில் ஒடுங்கிய இலையுடனும் காணப்படும். ஹைக்ரோபிலா டிபார்மிஸ் என்பது நீருக்குள் கிழித்துவிட்டாற்போன்ற இலையும், வெளியே சாதாரண முழு இலையும் தரும். இவ்விரண்டையும் வெவ்வேறு பூண்டென்று எண்ணி இருமுறை விலைகொடுத்து வாங்கியவர்களும் உண்டு.

நீர்ப்பிரமியில் கணுவுக்கு இரண்டு இலைகள் எதிரெதிராக நிற்கும். அவை தடித்து, காம்பின்றி, மென்றால் கசக்கும். லிம்னோபிலாவும் காபோம்பாவும் நீருக்குள் ஒன்றுபோலவே இழை இழையாகத் தோன்றும். லிம்னோபிலாவின் கணுவைச் சுற்றிக் காம்பில்லாத பல இலைகள் வளையமாக அமைந்திருக்கும். காபோம்பாவிலோ கணுவுக்கு இரண்டு அல்லது மூன்று இலைகளே. ஒவ்வொன்றும் தனிக் காம்பின் நுனியில் விசிறிபோல் விரியும். இது அமெரிக்கக் கண்டத்துப் பூண்டு. 2020-ம் வருஷம் கோழிக்கோடு ஜில்லாவில் ஆவளப்பாண்டி என்னுமிடத்தில் ஒரு வாய்க்கால் முழுவதும் இளஞ்சிவப்புப் பூவாக மாறியதைக் காண ஜனங்கள் திரண்டனர். அப்பூ இக்காபோம்பாவின் ஓரினத்தினுடையதே. அழகு மெய்தான், வாய்க்காலை அடைப்பதும் மெய்.

அவ்வாறே, உணவுக்குதவும் பொன்னாங்கண்ணியுடன் அதன் அயல்நாட்டு உறவான முதலைப்பூண்டு கலந்து வருவதுண்டு. பொன்னாங்கண்ணியின் வெண்பூங்கொத்து கணுவிலேயே ஒட்டியிருக்கும். முதலைப்பூண்டின் கொத்து நீண்ட காம்பின்மேல் நிற்கும். பூவில்லாத தண்டில் இதனைத் துணிந்து சொல்வது கடினம். ஆகையால் சந்தேகமுள்ள தண்டைத் தனித்தொட்டியில் வைத்துப் பூக்கும்வரை காத்திருப்பதே உசிதம்.

துண்டு எடுக்கும் முறை வருமாறு: நோயற்ற தண்டின் நுனியிலிருந்து 4 முதல் 6 அங்குல நீளம், நான்கைந்து கணுக்கள் இருக்கும்படி, கடைசிக் கணுவுக்குச் சற்றுக் கீழே கூரிய கத்தியால் அறுக்க வேண்டும். விரலாற் கிள்ளினால் தண்டு நசுங்கி அழுகும். அடியிலுள்ள இரண்டு கணுக்களின் இலைகளை நீக்கி, அக்கணுக்கள் சேற்றினுள் புதையும்படி நடவேண்டும். வேர் கணுவிலிருந்தே புறப்படுமாதலால் கணு புதையாத துண்டு மிதந்துவிடும். பல துண்டுகளை ஒரே குழியில் நெருக்கினால் நடுவிலுள்ளவை வெளிச்சமின்றி அழுகும். விரற்கடை இடைவெளியேனும் வேண்டும். நுனி அறுத்த தாய்த்தண்டைப் பிடுங்கிவிடலாகாது. அதன் மேற்கணுவிலுள்ள இலைக்கக்கங்களிலிருந்து பக்கக் கிளைகள் தோன்றி, அடுத்த அறுவடைக்கு ஒன்றுக்கு இரண்டாகத் துண்டு தரும்.

பாத்தியில் சேறு குழைந்து, அதன்மேல் ஓரங்குல நீர் நின்றாற் போதும். நாட்டுப் பூண்டுகளுள் மேற்கூறிய நான்கும் இவ்வாறு இலை காற்றிலிருக்க நன்கு வளரும். நீர்ப்பாசியின் தொல்லையும் குறைவு. விற்பனைக்கு முன் நத்தை முட்டைகளைத் துடைத்துக் கழுவி, சுத்த நீரில் சில நாள் வைத்திருப்பது நல்லது. இவ்விதம் வளர்த்ததை வாங்குவோர் தொட்டி நீரில் மூழ்கடித்ததும் பழைய இலைகள் கரைந்து உதிரும்; நுனியிலிருந்து புதிய நீரிலை விடும். இதனை முன்னரே சொல்லாத விவசாயி, பூண்டு செத்துவிட்டதென்ற புகாருக்கு ஆளாவார்.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனிக்கத்தக்கது கழிவு. ஒரு கணுத் துண்டிலிருந்து பயிர் உண்டாகும் குணமே களை உண்டாவதற்கும் காரணம். நம் நாட்டு ஹைக்ரோபிலா பாலிஸ்பெர்மா 1945-ல் தொட்டிச் செடியாக அமெரிக்காவுக்குச் சென்று, பின்னர் புளோரிடா நீர்நிலைகளில் பெருங்களையாயிற்று. நம் ஏரிகளில் சாதாரணமாகக் காணப்படும் ஹைட்ரில்லாவின் கதையும் அங்கு அதுவே. ஆகவே பாத்தியின் வடிகால் பாசன வாய்க்காலிற் சேராமல் தனிக்குழியில் விழவேண்டும். குழியின் வாயில் நெருங்கிய கொசுவலைத் துணி கட்டி, தங்கிய துண்டுகளைத் தினமும் எடுக்கவேண்டும். கழித்த தண்டுகளைக் கல் தரையில் பரப்பி, ஒடித்தால் முறியும் அளவு வெயிலிற் காய்ந்த பிறகே எருக்குழியிற் போடலாம். முதலைப்பூண்டு மட்டும் ஈரமற்ற மேட்டிலும் வேர்விடுமாதலால், அதைக் காயவைத்து எரித்துவிட வேண்டும்.