ஆடாக இருந்து ஆடுவது

பலகை விளையாட்டுகள் மீது எனக்குப் பல வருஷப் பித்து. ‘போயும் போயும் விளையாட்டு, அதுல என்ன அரசியல்?’ என்று தோழர்கள் கேட்பதுண்டு. கதையில் அரசியல் உண்டு என்று ஒப்புக்கொள்கிறவர்கள், விதிகளில் உண்டு என்பதை மட்டும் ஏன் ஒப்புக்கொள்வதில்லை? கதை நம்மை நம்பவைக்கத்தான் பார்க்கும். விளையாட்டோ நம் கையாலேயே செய்யவைத்துவிடும்.

வாழவந்தியில் உட்கார்ந்து ‘பியூர்த்தோ ரிக்கோ’ ஆடியபோதுதான் இது உறைத்தது. ஆந்திரேயாஸ் சைஃபார்த் வடிவமைத்து 2002-இல் வெளியான, பெரிதும் கொண்டாடப்படுகிற விளையாட்டு. ஆடுகிற ஒவ்வொருவரும் தோட்ட முதலாளி. சோளம், அவுரி, சர்க்கரை, புகையிலை, காப்பி. இவற்றில் காப்பிக்குத்தான் விலை அதிகம், 4 காசு. ஆனால் தோட்டம் தானாக விளையாது. கப்பலில் வந்திறங்கும் பழுப்பு வட்டு ஒன்றை அதன்மேல் வைக்க வேண்டும். விதிநூல் அந்த வட்டுகளைக் ‘குடியேறிகள்’ என்கிறது. கரும்புக் காட்டுக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள் யார் என்று நமக்குத் தெரியாதா? அந்தத் தீவில் அடிமைமுறை ஒழிந்ததே 1873-இல்தான்.

இந்தச் சேர்வராயன் மலைக்கும் 1820-களில், சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில், ‘காப்பி வந்தது’. அப்படித்தான் சொல்கிறோம், ஏதோ அதுவே நடந்து வந்த மாதிரி. இங்கே ஏற்கெனவே விதைத்து அறுத்துக்கொண்டிருந்த மலையாளிப் பழங்குடிகள் இந்த வாக்கியத்தில் எங்கே? ஹாகர்டின் ‘சாலமன் மன்னனின் சுரங்கங்கள்’ (1885) தொட்டு சாகச நாவல்களுக்குப் பழகிப்போன வார்ப்பு இது: ஒரு வரைபடம், ஒரு புதையல், மூட்டை தூக்க ஆட்கள். பலகை விளையாட்டு அந்த வார்ப்பைச் சுவீகரித்துக்கொண்டு மூட்டை தூக்கியை வட்டாக்கிவிட்டது.

2022-இல் ‘பியூர்த்தோ ரிக்கோ 1897’ என்று திருத்திய பதிப்பு வந்தது. காலத்தை அடிமைமுறைக்குப் பின்னால் நகர்த்தி, குடியேறிகளைத் ‘தொழிலாளர்கள்’ ஆக்கினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் வட்டு இன்னும் வட்டுதான். கூலி கேட்காது, வேலையை நிறுத்தாது. பெயரைத் திருத்துவது வேறு, விதியைத் திருத்துவது வேறு.

நம்ம ஆடுபுலி ஆட்டத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கரிக்கோட்டில் 23 புள்ளிகள், புலி 3, ஆடு 15. கல்லைப் புலியாகவும் காப்பிக் கொட்டையை ஆடாகவும் வைத்து நாங்கள் ஆடினோம். புலி ஆட்டைத் தாண்டி வெட்ட வேண்டுமானால், அதே கோட்டில் ஆட்டுக்குப் பின்னால் இருக்கும் புள்ளி காலியாக இருக்க வேண்டும். அங்கே இன்னொரு ஆடு நின்றுவிட்டால் வெட்டு கிடையாது. ஒரு ஆட்டின் உயிர் அடுத்த ஆடு எங்கே நிற்கிறது என்பதில் இருக்கிறது. புலிகளை நகரவிடாமல் கட்டினால் ஆட்டுக்கு வெற்றி.

இதைப் புரட்சியின் குறியீடு என்று தூக்கிப்பிடிக்க வேண்டாம். புலி சாவதில்லை, அடுத்த ஆட்டத்தில் திரும்ப வரும். கட்டுகிறவரை சில ஆடுகள் பலியாகவும் செய்யும். ஆனால் ஒரு விஷயம் முக்கியம்: ஆட்டின் பக்கம் உட்கார்ந்து யோசிக்க இங்கே ஒரு இடம் இருக்கிறது. ‘புலியா ஆடறது சுலபம் தம்பி, ஆடா ஆடிப் பாரு’ என்றார் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர். தோற்றேன்.

விளையாட்டை வடிவமைப்பவரிடமும் துப்பறியும் கதை, சாகசக் கதை எழுதுகிற நண்பர்களிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உங்கள் பலகையில் யார் ஆட்டக்காரர், யார் காய்?