ஜே. டி. குரோ

ஜே. டி. குரோ (ஆகஸ்ட் 27, 1937 – டிசம்பர் 24, 2021) ஓர் அமெரிக்க பான்ஜோ கலைஞரும் இசைக்குழுத் தலைவரும் ஆவார். இவரது முழுப்பெயர் ஜேம்ஸ் டீ குரோ. கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரில் பிறந்தவர். 'நியூ சவுத்' என்னும் குழுவை நிறுவி, புளூகிராஸ் இசையின் போக்கை மாற்றியவர்களுள் ஒருவராகக் கருதப்படுகிறார்.

பின்னணி

கிட்டார், மாண்டலின், பிடில், பான்ஜோ, பெரிய பேஸ் ஆகிய கம்பி இசைக்கருவிகளை மின்னிணைப்பு இன்றி வாசித்துப் பாடும் நாட்டுப்புறச் சாயல் கொண்ட இசையே புளூகிராஸ். பில் மன்ரோவின் குழு 1940களில் இதற்கு வடிவம் கொடுத்தது. அக்குழுவில் இருந்த ஏர்ல் ஸ்கிரக்ஸ், கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றாலும் ஐந்து கம்பி பான்ஜோவை வேகமாக மீட்டும் முறையைப் புகழ்பெறச் செய்தார். லெக்சிங்டனில் ஸ்கிரக்ஸ் வாசித்ததைச் சிறுவயதில் நேரில் கண்ட குரோ, அந்த முறையைக் கற்றுக்கொள்ளத் தொடங்கினார்.

இசை வாழ்க்கை

1956இல் பாடகர் ஜிம்மி மார்ட்டினின் 'சன்னி மவுண்டன் பாய்ஸ்' குழுவில் சேர்ந்தார். அங்குதான் அவரது வாசிப்பு முதிர்ந்தது. தாளம் பிசகாத உறுதி, தெளிவான ஒலி, தேவையற்ற சுரங்களைத் தவிர்க்கும் அடக்கம் ஆகியவை அவரது அடையாளங்களாயின. 1960களில் லெக்சிங்டனுக்குத் திரும்பி 'கென்டக்கி மவுண்டன் பாய்ஸ்' குழுவை நடத்தினார். 1971இல் அது 'நியூ சவுத்' எனப் பெயர் மாறியது. லெக்சிங்டனில் ஹாலிடே இன் விடுதியின் அரங்கில் தொடர்ந்து வாசித்தது, குழுவுக்கு நிலையான மேடையாக அமைந்தது.

குரோ மரபை மதித்தார். ஆனால் அதற்குள் அடைபட்டிருக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் மின்னிசைக் கருவிகளையும் டிரம்ஸையும் சேர்த்துப் பார்த்தார். பின்னர் மின்னிணைப்பற்ற கருவிகளுக்கே திரும்பி, 1975இல் குழுவின் பெயரிலேயே ஓர் இசைத்தட்டை வெளியிட்டார். கிட்டாரில் டோனி ரைஸ், மாண்டலினிலும் பிடிலிலும் ரிக்கி ஸ்காக்ஸ், டோப்ரோவில் ஜெர்ரி டக்ளஸ், பேஸில் பாபி ஸ்லோன் ஆகியோர் உடன் வாசித்தனர். கோர்டன் லைட்புட், ஃபேட்ஸ் டோமினோ போன்ற பிற இசைத்துறையினரின் பாடல்களையும் புளூகிராஸ் முறையில் தந்தது இதன் புதுமை. வெளியீட்டு எண்ணைக் கொண்டு 'ரவுண்டர் 0044' என்றே ரசிகர்கள் இதைக் குறிப்பிடுகின்றனர்.

இந்த அணி நீண்டகாலம் நீடிக்கவில்லை. அதே ஆண்டு ஜப்பான் பயணத்துக்குப் பின் ரைஸ் விலகினார். ஸ்காக்ஸும் டக்ளஸும் 'பூன் கிரீக்' குழுவைத் தொடங்கினர். அடுத்து வந்த பாடகர் கீத் விட்லியும் பின்னர் நாஷ்வில் சென்று கன்ட்ரி இசையில் புகழ்பெற்றார். வளர்த்தவர்கள் பிரிந்து செல்வது ஒரு குழுத் தலைவருக்கு இழப்பே. ஆயினும் குரோ ஒவ்வொரு முறையும் புதியவர்களைச் சேர்த்துக் குழுவைத் தொடர்ந்தார். இதனால் 'நியூ சவுத்' இளம் கலைஞர்களுக்கு ஒரு பயிற்சிக்களமாக விளங்கியது.

1980இல் ரைஸ், டாயில் லாசன் ஆகியோருடன் 'புளூகிராஸ் ஆல்பம் பேண்ட்' குழுவில் இணைந்து, பழைய பாடல்களைப் புதிய தலைமுறைக்குக் கொண்டுசென்றார்.

சிறப்புகள்

'ஃபயர்பால்' என்ற கருவியிசைப் பதிவுக்காக 'நியூ சவுத்' 1983ஆம் ஆண்டுக்கான கிராமி விருதைப் பெற்றது. 2003இல் பன்னாட்டு புளூகிராஸ் இசைச் சங்கத்தின் புகழ் மண்டபத்தில் குரோவின் பெயர் சேர்க்கப்பட்டது. அவர் மறைந்த பின், 2024இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் 1975ஆம் ஆண்டு இசைத்தட்டு இடம்பெற்றது.